28 நாள் அக்கா: சென்னைப் பெண் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வெளிநாட்டு மாணவி – நிகழ்வு ஆய்வு

இது குழந்தைகள் இல்லங்களில் வேலை செய்பவர்களின் பயிற்சிக்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு. இதில் வரும் இல்லமோ மாணவியோ சிறுமிகளோ தனி ஒருவரைக் குறிப்பவர்கள் அல்லர். சட்டப் பிரிவுகளும் நடைமுறைகளும் அப்படியே நிஜம். தவறுகள், இந்த வேலையில் இருப்பவர்கள் படித்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் வகையைச் சேர்ந்தவை.

இல்லம்

பெரம்பூர் பக்கம் வாடகைக்கு எடுத்த இரண்டு மாடிக் கட்டடம். 8 வயது முதல் 17 வயது வரை 38 சிறுமிகள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற குழந்தைகள் இல்லம். பதிவில்லாமல் நடத்தினால் 42ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தன்னார்வலராக வர நினைக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவுச் சான்றிதழைத்தான். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இல்லமென்றால் அத்தோடு திரும்பிவிடலாம்.

வாசலில் போர்டைப் பார்ப்பவர்கள் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த 38 பேரில் பெற்றோர் இருவரும் இல்லாதவர்கள் ஐந்தே பேர். மற்றவர்களுக்கு அம்மா உண்டு, அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். அல்லது அப்பா உண்டு, குடிப்பவர். கல்யாணம் நிறுத்தப்பட்டு வந்தவள், சென்ட்ரல் ஸ்டேஷனில் தனியாக நின்றவள், பாலியல் குற்ற வழக்கில் சாட்சி சொல்லக் காத்திருப்பவள் எல்லோரும் ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் சட்டபூர்வக் குழு) உத்தரவோடு வந்தவள். ஒவ்வொருத்திக்கும் படிவம் 7இல் தனிப் பராமரிப்புத் திட்டம் உண்டு. அதில் கடைசிக் குறிக்கோள் பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டுக்கோ உறவினரிடமோ பாதுகாப்பாகத் திரும்புவது. ‘இந்தப் பிள்ளைகளுக்கு யாருமே இல்லை’ என்ற நினைப்போடு வருபவர், அந்தக் குறிக்கோளுக்கு எதிராகவே தெரியாமல் வேலை செய்வார்.

இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி பிள்ளைக்கு 40 சதுர அடி படுக்கும் இடம், 7 பேருக்கு ஒரு கழிப்பறை, 10 பேருக்கு ஒரு குளியலறை வேண்டும். 38 பேருக்கு ஆறு கழிப்பறை, நான்கு குளியலறை. காலை ஐந்தரைக்கு வரிசை தொடங்கும். மெட்ரோ வாட்டர் லாரி ஒரு நாள் தவறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே தாமதம். விருந்தாளியை இல்லத்திலேயே தங்கவைப்பது ஏன் கூடாது என்பதற்குப் பாதுகாப்புக் காரணத்துக்கு முன்பே இந்தத் தண்ணீர்க் காரணம் வந்துவிடுகிறது. மாணவி அயனாவரத்தில் ஒரு மகளிர் விடுதியில் தங்கினாள்.

மாணவி

வயது 20. டொராண்டோவில் சமூகப் பணி இரண்டாம் ஆண்டு. பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். காலம் ஜூன் 10 முதல் ஜூலை 7 வரை, 28 நாள்.

அவள் முதலில் கேட்டது மே மாதம். கனடாவில் கல்லூரி விடுமுறை அப்போதே தொடங்கிவிடும். இல்லத்தின் கண்காணிப்பாளர் மறுத்தார். மே மாதத்தில் வீடு உள்ள பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுபவர்கள் கூப்பிட ஆளில்லாத ஏழெட்டுப் பேர். எதிர்ச் சாரியில் யாரோ ஒருத்தியின் சித்தி வந்து பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அன்பான புது அக்கா ஒருத்தி வந்தால் அந்த ஏழெட்டுப் பேரும் அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். ஜூனில் பள்ளி திறந்துவிடும். எல்லோருக்கும் புது நோட்டு, அட்டை போடுகிற வேலை, புது மிஸ் பற்றிய பேச்சு. அதற்குள் ஒரு அக்கா வந்து போவது தாங்கக்கூடியது.

காகிதங்கள்

சரிபார்ப்புக்கு ஆறு வாரம் எடுத்தது. கனடாவில் சிறார், முதியோர் போன்றோரிடம் வேலை செய்பவர்களுக்கென்று தனியான காவல்துறைச் சரிபார்ப்பு உண்டு. சாதாரண நற்சான்றிதழ் போதாது, அந்தத் தனிச் சரிபார்ப்பே வேண்டும் என்று இல்லம் கேட்டது சரி. இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வாங்கி, எழுதியவர்களிடம் வீடியோ அழைப்பில் பேசியது அதைவிடச் சரி. கடிதத்தில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. பேசும்போது, ‘பிள்ளைகள் விஷயத்தில் இவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?’ என்று கேட்டால் ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு ஏதாவது வரும். இங்கே வந்தது: ‘மறுக்கத் தெரியாது. யார் எது கேட்டாலும் சரி என்பாள்.’ அந்தக் குறிப்பு கோப்பில் ஏறியது. இரண்டாவது வாரத்தில் யாரும் அதைத் திருப்பிப் படிக்கவில்லை என்பதுதான் கோளாறு.

விசா: இந்திய இ-சுற்றுலா விசாவில் ஊதியமோ வேறு கைம்மாறோ இல்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு அனுமதி உண்டு, உச்ச வரம்பு ஒரு மாதம். 28 நாள் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பாதியில் ‘இன்னும் ரெண்டு மாசம் இருந்தா நல்லாயிருக்கும்’ என்ற பேச்சு எழுந்தபோது அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. நீண்ட காலம் தொண்டு நிறுவனத்தில் கௌரவப் பணி செய்ய, நிறுவனத்தின் பெயர் குறிப்பிட்ட வேலைவாய்ப்பு விசா வேறு; அதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். தங்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்பது அதற்கு வழக்கத்தில் உள்ள பெயர். சின்ன விடுதிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

உடல்நலத்தில் மறந்துபோகிற ஒன்று அம்மை. 38 பேர் ஒரே கூடத்தில் படுக்கும் இடத்தில் ஒருத்திக்கு வந்தால் வேப்பிலை கட்டுவதற்குள் ஆறு பேருக்கு வந்துவிடும். வருபவருக்குச் சின்னம்மைத் தடுப்பூசியோ முன்பு வந்துபோன வரலாறோ இருக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனை, டைபாய்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகள் வழக்கம் போல. பேன் பற்றி யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வந்த ஐந்தாம் நாள் தானே தெரிந்துகொள்வார்.

வேலை

தன்னார்வலருக்குச் சிறுமிகளோடு உள்ள நேரம் மாலை நாலரை முதல் எட்டு வரை. காலையில் அவர்கள் பள்ளியில் இருப்பார்கள். இந்த இல்லம் அந்தக் காலை நேரத்தை அலுவலக வேலைக்குக் கொடுத்தது: நூலகப் பட்டியல், துணி, சோப்பு, நாப்கின் இருப்புப் பதிவேடு, பிள்ளைகளைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் இல்லத்தாய்மார் இருவருக்கும் கணினியில் தட்டெழுத்து. பறந்து வந்தது இதற்கா என்று மாணவிக்கு முதல் வாரம் முகம் வாடியது. ஆனால் இல்லத்தாய்க்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குப் போகிறது. அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பவர். பதிவேட்டில் உபயோகமான ஒன்றும் கிடைத்தது: பெரிய பிள்ளைகள் எட்டுப் பேருக்கு மாதம் ஒரு பாக்கெட் நாப்கின் போதாமல், கேட்கக் கூச்சப்பட்டுத் துணி வைத்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியைப் பூட்டாமல் கழிப்பறைப் பக்கம் மாற்றியதும் அது தீர்ந்தது.

மாலையில் படிப்பு. 12 பேரை முதல் மூன்று நாளில் தனித்தனியாகப் பத்து நிமிடம் வாசிக்கவைத்துத் தரம் பிரித்தாள்: எழுத்து மட்டும் தெரிந்தவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள். வகுப்பு எதுவானாலும் இந்தத் தரத்தின்படி நாலு நாலு பேராக 25 நிமிடம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒற்றைக் கொம்பில் தடுமாறினாள். அவளை மூன்றாம் வகுப்புக் குழுவில் உட்காரவைக்காமல், சின்னவர்களுக்குச் சொல் அட்டை காட்டும் ‘டீச்சர்’ ஆக்கினார்கள். காட்டுவதற்காக அவள் முதலில் படித்தாக வேண்டும்.

தொடுதல் பற்றிய விதி ஒரே வரி: எல்லோர் கண்ணும் படும் இடத்தில், பிள்ளை கேட்டால். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவது கூடத்தில் நடப்பதால் அதற்கு அனுமதி. காய்ச்சலில் படுத்திருப்பவள் பக்கத்தில் தனியாக உட்காருவதற்கு இல்லை.

தமிழ் தெரிந்ததன் சிக்கல்

மொழி தெரிந்தவர் வந்தால் வேலை சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் நாள் மாணவி, ‘உங்களோட கதைக்க வந்தனான்’ என்றாள். பேச வந்தேன் என்பதற்கான யாழ்ப்பாணத் தமிழ் அது. கூடம் சிரித்தது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சிரிக்காமல், ‘எங்க கதை எல்லாம் மேடம் ரூம் ஃபைல்ல இருக்கும்க்கா, போய்ப் பாருங்க’ என்றாள். போலீஸ், குழு, டாக்டர், வக்கீல் என்று எத்தனை பேரிடம் தன் கதையைச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணுக்கு அந்தப் பதில் வரும் என்பதைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியிலிருந்து வரும் தன்னார்வலர் ஒரு மாதம் முழுக்கச் சைகையும் சிரிப்புமாகவே இருந்துவிட்டுப் போவார். அந்தத் தடுப்பு பிள்ளைகளையும் காப்பாற்றுகிறது. ‘கெதியா வாங்கோ’ (சீக்கிரம் வாங்க) என்று சொல்லும் அக்கா மூன்றாம் நாளே சொந்தமாகிவிடுகிறாள். மொழி தெரிந்தவருக்குப் பயிற்சி இரண்டு மடங்கு வேண்டும்.

முதல் சம்பவம்: ஐந்து நிமிட போன்

ஒன்பதாம் நாள். போனை மாலை நாலரைக்கு அலுவலக லாக்கரில் வைப்பது விதி. அன்று லாக்கர் சாவி சமையலம்மாவிடம் போய்விட்டதால் கையிலேயே இருந்தது. ஒரு பிள்ளையின் மருதாணிக் கையைப் படமெடுத்து ஒரு வரி எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். முகம் இல்லை. ஆனால் கைக்குப் பின்னால் சீருடையின் பேட்ஜ் தெரிந்தது. கீழே ‘பெரம்பூர்’ என்று இடம் பதிவாகியிருந்தது. 40 நிமிடத்தில் நீக்கினார்கள்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி, படம் என்று தொடங்கி, அடையாளம் தெரியக் காரணமாகும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பது பரவலான தவறான எண்ணம். மகள் எந்தப் பள்ளி என்று தேடிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு முகம் தேவையில்லை, பேட்ஜ் போதும்.

வெளிநாட்டவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பிறந்தநாளுக்கு மதிய சாப்பாடு போடுகிறோம் என்று வந்து, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடவைத்து, பிரியாணித் தட்டோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான். அதற்கும் அதே பிரிவுதான்.

அன்று இன்னொன்றும் நடந்தது. இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது. ‘ஒரே ஒரு பாட்டுக்கா’ என்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி போனை வாங்கி ஐந்து நிமிடம் வைத்திருந்தாள். அந்த நேரத்தில் தன் பழைய கணக்கில் நுழைந்து, யாரிடமிருந்து மீட்கப்பட்டாளோ அவனுக்கே செய்தி அனுப்பிவிட்டாள். ‘மறுக்கத் தெரியாது’ என்ற குறிப்பு இங்கே வேலை செய்திருக்க வேண்டும். இல்லம் செய்த திருத்தம்: சாவி இரண்டு, ஒன்று எப்போதும் கண்காணிப்பாளர் மேஜையில், தன்னார்வலருக்கு வேலை நேரத்தில் பட்டன் போன்.

இரண்டாம் சம்பவம்: ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’

பதினேழாம் நாள், கணக்கு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பதினாலு வயதுச் சிறுமி சொன்னாள்: மே மாத விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மாமா ஒருவர் தொந்தரவு பண்ணினார். யாரிடமும் சொல்லக் கூடாது.

இந்த இடத்துக்கென்று பயிற்சியில் நாலு வாக்கியம் கொடுத்திருந்தார்கள். ‘சொன்னது நல்லது. இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல. இத நான் ரகசியமா வச்சுக்க முடியாது. மேடம்கிட்ட மட்டும் சொல்லப் போறேன், நீயும் கூட வரலாம்.’ மாணவி இந்த நாலையும் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்குள் கண்காணிப்பாளரிடமும் போனாள். அதுவரை குறையில்லை.

அதன் பிறகு மூன்று தவறு. ஒன்று, இரவு எட்டு மணிக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை முறை, எங்கே என்று அக்கறையாகக் கேட்டாள். சிறுமியிடம் விவரம் கேட்பது விசாரணை அதிகாரியின் வேலை. ஆளாளுக்குக் கேட்டால் ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நீதிமன்றத்தில் ஒன்றொன்றாக எடுத்துவைப்பார். இரண்டு, மன பாரம் தாங்காமல் கல்லூரி ஆசிரியருக்குப் பெயரோடு செய்தி அனுப்பினாள். மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. குறிப்பேட்டில் அவள் எழுதியது: ‘மாமா கரைச்சல் குடுத்தவர்.’ அவள் வீட்டுத் தமிழில் அதற்குத் தொந்தரவு கொடுத்தார் என்றுதான் பொருள். ஆனால் சிறுமியின் வாயிலிருந்து வந்த சொல் அது இல்லை. காவல் நிலையத்தில் படித்தவர், கடன் தகராறு மாதிரி ஏதோ என்று நினைத்தார். பிள்ளை சொன்ன சொல்லை, கொச்சையோ பிழையோ, அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதி நாள், நேரம், கூட இருந்தவர் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்ப்பு பிறகு யாராவது செய்வார்கள்.

சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரியவந்த எவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. ‘எவரும்’ என்பதில் ஒரு மாதத்துக்கு வந்த வெளிநாட்டவரும் அடக்கம். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. கண்காணிப்பாளர் அன்றிரவே அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்தார், குழந்தைகள் நலக் குழுவுக்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் தகவல் சொன்னார். வாக்குமூலம் வாங்க வந்த உதவி ஆய்வாளர் சுடிதாரில் வந்தார்; கூடியவரை பெண் அதிகாரி, சீருடையில்லாமல், பிள்ளை இருக்கும் இடத்துக்கே வர வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. வழக்கில் சிறுமிக்குத் துணையிருக்க நலக் குழு ஆதரவு நபர் ஒருவரை நியமித்தது.

அந்தப் பெண் மாணவியிடம் நாலு நாள் பேசவில்லை. அது எதிர்பார்க்க வேண்டியதே. தன்னார்வலருக்கும் அந்த வாரம் ஆற்றுப்படுத்துநரோடு இரண்டு அமர்வு கொடுத்தார்கள். இதை முதலிலேயே திட்டத்தில் வைத்திருந்தால் கல்லூரி ஆசிரியருக்கு அந்தச் செய்தி போயிருக்காது.

மூன்றாம் சம்பவம்: 1,850 டாலர்

மாணவி தன் நண்பர்களிடம் இணையத்தில் திரட்டிய பணம். இல்லத்துக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் கீழ் பதிவு இல்லை. ஆகவே வாங்க முடியாது. பதிவு இருந்தாலும் பணம் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்கே வர வேண்டும். 2020 திருத்தத்தின் ஏற்பாடு அது.

ரூபாயாக மாற்றி ரொக்கமாகத் தரலாமா, விடுதித் தோழியின் ஜிபேயிலிருந்து அனுப்பலாமா, வாஷிங் மெஷினாக வாங்கித் தரலாமா என்று யோசனைகள் வந்தன. மூன்றும் ஒரே வாசலில் முட்டுகின்றன: வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது எந்த நாணயத்தில் இருந்தாலும், பொருளாக இருந்தாலும் வெளிநாட்டுப் பங்களிப்புக் கணக்கில் வரும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து வெளிநாட்டில் சம்பாதிப்பவர் வங்கி வழியாகத் தரும் சொந்தப் பணம் அந்தக் கணக்கில் வராது. இவள் கனடாக் குடிமகள். பணம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போனது. வாஷிங் மெஷின் வரவில்லை. 38 பேரின் சீருடையும் இன்றும் கைத்துவைப்புதான். கண்காணிப்பாளருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் சட்டம் தடுக்கும் விஷயத்தில் வருத்தப்பட்டு வாங்குவதற்கில்லை.

போகும் நாள்

2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அனாதை இல்லங்களில் சுற்றுலாவோடு சேர்த்து நடக்கும் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைத் தடுக்க நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. வெளியில் அது கடத்தல், சுரண்டல் சம்பந்தப்பட்ட கவலை. இல்லத்துக்குள் அது சாப்பாட்டுத் தட்டில் தெரியும்.

முதல் நாளிலேயே கூடத்துக் காலண்டரில் ஜூலை 7ஐ வட்டமிட்டு, ‘அக்கா ஊருக்குப் போற நாள்’ என்று எழுதியிருந்தார்கள். கடைசி வாரம் நேரத்தைக் குறைத்தார்கள்: ஜூலை 1, 2இல் மூன்று மணி நேரம், அடுத்த மூன்று நாள் இரண்டு, 6ஆம் தேதி ஒன்று. திடீர் விழா, கேக், கட்டிப்பிடித்து அழுவது எதுவும் இல்லை. சொந்த எண், இன்ஸ்டா முகவரி தரவில்லை. கடிதம் எழுதலாம், அலுவலக முகவரிக்கு, கண்காணிப்பாளர் படித்த பிறகு கைக்குப் போகும்.

இவ்வளவும் செய்தும் ஆறாம் தேதி மாலை மாணவி வாய்தவறிச் சொன்னாள்: ‘பேந்து வருவன்.’ பெரிய பிள்ளைகளுக்குப் பேந்து என்றால் என்னவென்று புரியவில்லை. எட்டு வயதுக்காரி போய்ச் சமையலம்மாவிடம் கேட்டாள். அவர், ‘அப்புறமா வரேன்னு சொல்லுதாங்க’ என்றார். மறுநாளிலிருந்து மூன்று நாள் அந்தக் குழந்தை இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தது. ராத்திரி வண்டியில் வருவாங்க, கூடச் சாப்பிடலாம் என்று காத்திருந்தது. நாலாம் நாள் இல்லத்தாய் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, டொராண்டோவுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அதன் பிறகு சாப்பிட்டது. இல்லத்தாய்க்கு அந்த அரைமணி நேரம் கிடைத்ததற்கு, இருப்புப் பதிவேடு கணினிக்கு மாறியதும் ஒரு காரணம்.

வாசிப்புத் தரப் பதிவேட்டில் 12 பேரில் ஏழு பேர் ஒரு படி ஏறியிருந்தார்கள். அதைக் கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை மட்டும் வருவாள், ஓர் ஆண்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கான விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கும் முன்னால், முதல் கட்டத்தில், ‘கடைசியாக வரும் தேதி’ என்று அச்சடித்திருந்தார்கள்.